வாயில் நுழையாத இசைப் பெயர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

90களில் திருப்பூரில் கேசட் பதிவு செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தேன். வெற்றுக் கேசட்டையும் துண்டுச் சீட்டில் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டுப் போவார்கள்; இரண்டு நாள் கழித்து வந்து வாங்கிக்கொள்வார்கள். பனியன் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் ஒரு நாள் வந்து, "சேட்டு பாட்டு இருக்குங்களா?" என்று கேட்டார். வட்டிக்கடைச் சேட்டு என்ன பாடியிருக்கப் போகிறார் என்று குழம்பி, இந்தி பஜனைக் கேசட் இரண்டை எடுத்துப் போட்டேன். அவர், துணி வாங்க வந்த வெளிநாட்டு பையரின் மேசையில் ஒரு கேசட் அட்டையைப் பார்த்திருக்கிறார். எஸ், ஏ, டி, இ என்று நான்கே எழுத்து. அந்தப் பாடகியின் பெயர் ஷாடே. அது எனக்கும் ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

கடை எப்போதோ போய்விட்டது. இப்போது கல்லூரி விழா, கல்யாண வரவேற்பு, ஊர் நோம்பி என்று மைக் பிடித்துத் தொகுத்துப் பேசுகிறேன். கோவையிலும் ஈரோட்டிலும் படிக்கிற பிள்ளைகள் நிகழ்ச்சிக்கு முந்தின நாள் போன் போட்டு, "ஏனுங் மாமா, இந்தப் பேரை எப்படிச் சொல்றது?" என்று கேட்பார்கள். கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன்.

ஒரு பெயரைச் சரியாகச் சொல்வது என்றால், ஆங்கிலக்காரர் சொல்வது போலச் சொல்வதா?

இல்லை. பெயருக்கு உரியவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ, அதுதான் கணக்கு. ஆங்கிலம் பல சமயம் கூரியர்காரன் மட்டுமே. பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுப்பான், உள்ளே என்ன இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது.

நம் ஈரோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் மட்டும் பார்க்கிற வெள்ளைக்காரர் அதை "இரோட்" என்று படிப்பார். அவர் மொழியில் அதற்கு அரித்துப்போவது என்று பொருள். கம்பெனிக்கு வந்த விருந்தாளி ஒருவர், "ஆறு ஊரை அரித்துவிட்டதால் வந்த பெயரா?" என்று என்னிடம் உண்மையாகவே விசாரித்தார். காவிரிக்கரை ஊர்தான் என்பதால் அவருக்குச் சந்தேகம் இன்னும் வலுத்துவிட்டது.

ஷாடே கதையும் இதேதான். 1959ல் நைஜீரியாவின் இபாதான் நகரில் பிறந்தவர். முழுப்பெயரில் உள்ள ஃபோலஷாடே என்ற யொரூபா மொழிப் பெயரின் பின்பாதிதான் ஷாடே. யொரூபாவில் எஸ் எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தால் அது ஷ. ஆங்கிலத்தில் அச்சடிக்கும்போது அந்தப் புள்ளி விழுந்துவிட்டது. திருப்பூரில் அது சேட்டு ஆனதற்குக் காரணம் அந்த ஒரு புள்ளி.

கம்பர் லட்சுமணனை இலக்குவன் ஆக்கினார். நாமும் அப்படித் தமிழாக்கிச் சொன்னால் என்ன?

எழுத்தில் தாராளமாகச் செய்யலாம். மோசார்ட், பீத்தோவன் என்று தமிழில் எழுதிப் பழகிவிட்டோம், அப்படியே இருக்கட்டும். ஜெர்மன்காரர் மோட்ஸார்ட் என்றும் பேட்ஹோஃபன் என்றும் சொல்வார் என்பதற்காகப் பழைய புத்தகங்களை எல்லாம் திருத்திக்கொண்டிருக்க முடியாது.

மேடை வேறு. எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் நாலு பேர் அந்தக் கலைஞரின் பாட்டிலேயே ஊறியவர்களாக இருப்பார்கள். பெயர் தவறினால் அடுத்து நீங்கள் சொல்லும் தகவலையும் அவர்கள் நம்ப மாட்டார்கள். அதனால் என் வழக்கம் இது: எழுதும்போது தமிழ்க் கண்ணுக்கு ஏற்றபடி, பேசும்போது முடிந்த அளவு உரியவர் சொல்கிறபடி.

தமிழில் எழுதி வைத்துப் படித்தும் மேடையில் தவறிவிடுகிறதே, ஏன்?

இரண்டு காரணம். முதலாவது, நம் எழுத்தில் வல்லினம் இடத்துக்கு இடம் ஒலி மாறும். "கல்" என்பதில் வருகிற க வேறு, "தங்கம்" என்பதில் வருவது வேறு, "மகன்" என்பதில் வருவது வேறு. தமிழ்ச் சொல்லில் இது தானாகவே சரியாக வரும். அந்நியப் பெயரில் கைவிட்டுவிடும். ஷ்ரேயா கோஷால் என்று சீட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து, "கோவில்" என்பதில் வருகிற கோவாக ஒரு பையன் சொன்னான். அங்கே வேண்டியது "தங்கோல்" என்றால் எப்படி வருமோ அந்த அடித்தொண்டை கோ.

இரண்டாவது குற்றியலுகரம். வல்லின மெய்யில் ஒரு சொல் முடிந்தால் நம் நாக்குக்குப் பொறுக்காது, ஒரு உகரத்தை ஒட்டிவிடும். மைக் மைக்கு ஆகும், பேண்ட் பேண்டு ஆகும். பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பாஹ் என்ற மகா இசைமேதையைப் "பாக்கு" என்று அறிவித்தால், சபையில் வெற்றிலை தேடுவார்கள்.

நான் சீட்டில் பெயரை அசை பிரித்து இடையில் கோடு போட்டு எழுதுவேன். அழுத்த வேண்டிய அசைக்குக் கீழே ஒரு கோடு. அடித்தொண்டை ஒலி வேண்டிய எழுத்தைச் சுற்றி ஒரு வட்டம். மெய்யில் நின்றுவிட வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு கதவு படம் வரைவேன், சாத்து என்று அர்த்தம். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு வேலை ஆகிறது.

அந்த பாஹ், ரஹ்மானினஃப் எல்லாம் எப்படி?

ஜெர்மன் மொழியிலும் ரஷ்ய மொழியிலும் தொண்டையை உரசிக்கொண்டு வரும் ஒரு காற்று ஒலி இருக்கிறது. கவுக்கும் ஹவுக்கும் நடுவில் நிற்கும். பா என்று சொல்லிவிட்டு, தொண்டையில் மீன்முள் சிக்கியதுபோல மெல்லக் காறினால் பாஹ் வந்துவிடும். கல்யாண வரவேற்புகளில் வயலினில் வாசிக்கிற கேனன் என்ற அந்தப் பிரபலமான இசைத்துண்டு யாருடையது என்று கேட்டால், அவர் பாஹெல்பெல். பச்செல்பெல் இல்லை.

ரஷ்யப் பியானோ மேதை ரஹ்மானினஃப் (1873–1943) பெயரைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். அதற்குள் நம் ரஹ்மான் உட்கார்ந்திருக்கிறார். முதலில் "ரஹ்மான்" என்று சொல்லுங்கள், பிறகு "இனஃப்" என்று சேருங்கள். ஒரு தடவை இப்படிச் சொன்ன பிள்ளைகள் யாரும் இதுவரை மறந்ததில்லை. ப்ரகோஃபியெஃப் பெயரும் இதேபோல ஃப் என்றுதான் முடியும். சாய்கோஃப்ஸ்கியில் முதல் எழுத்துக்கு "அச்சம்" என்பதில் வருகிற அழுத்தமான ச வேண்டும். "சாமி" என்று நாம் இழுத்துச் சொல்கிற மெல்லிய ச இல்லை. ஜெர்மானியரான வாக்னரை வேக்னர் என்றும் சொல்லாதீர்கள்.

கே-பாப் பெயர்கள்தான் எங்களுக்கு அதிகம் தேவை. அதில் ஏதாவது சூத்திரம் உண்டா?

உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். கொரிய மொழி நம் வாய்க்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. ஆங்கிலம் வழியாகப் போவதால்தான் சட்டை இறுக்குகிறது.

அங்கேயும் க, ட, ப, ஜ போன்ற ஒலிகள் சொல்லின் தொடக்கத்தில் வல்லெனவும், இரண்டு உயிருக்கு நடுவிலும் மெல்லினத்துக்குப் பிறகும் மெல்லெனவும் மாறும். எழுத்து ஒன்றுதான், ஒலி இடத்தைப் பொறுத்தது. நாம் செய்வது இதையேதான். பி.டி.எஸ். குழுவில் ஜங்குக் என்று ஒருவர் இருக்கிறார். ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து "ஜுங்கூக்" என்கிறார்கள். கோவில் சங்கை நினைத்துக்கொள்ளுங்கள்: "சங்கு". முதல் எழுத்தை ஜ ஆக்குங்கள், கடைசியில் ஒரு க் வைத்து வாயைச் சாத்துங்கள். ஜங்குக். அந்தக் கடைசி க்கை வெடிக்க விடாமல் தொண்டையிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். "ஜங்குக்கு" என்று சொன்னால் நான்காம் வேற்றுமை ஆகிவிடும், யாருக்கு என்ன கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்பார்கள்.

ங் என்று முடிகிற பெயர்களில் கொங்கு நாட்டுக்காரருக்குப் பிறவியிலேயே வசதி. மற்ற ஊர்த் தமிழில் ஒரு சொல் ங் ஒலியில் முடிவது அபூர்வம். நாமோ காலை எழுந்ததிலிருந்து "சரிங்", "ஆமாங்", "வாங்" என்று அதிலேயே முடிக்கிறோம். கிம் தெஹ்யங் (இவருடைய மேடைப்பெயர்தான் வி) என்ற பெயரின் கடைசி ஒலி நம் "சரிங்" என்பதன் கடைசி ஒலியேதான். சீனப் பியானோக் கலைஞர் லாங் லாங்கும் அப்படியே. எங்கள் சித்தி ஒருவர், பேத்தி பார்த்துக்கொண்டிருந்த கொரியத் தொடரைக் கேட்டுவிட்டு, "இவிங்க நம்ம பக்கத்து ஆளுங்களாட்டவே இருக்கறாங்க கண்ணு" என்றார். காது தப்பு சொல்லவில்லை.

இனி உயிரெழுத்து. கொரியப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஏ, இ சேர்ந்து வந்தால் அது நம் எ. இ, ஓ சேர்ந்து வந்தால் அவுக்கும் ஒவுக்கும் நடுவில் ஒரு ஒலி. இ, யு சேர்ந்து வந்தால்தான் ஆங்கிலக்காரர் திணறுவார். ரெட் வெல்வெட் குழுவின் ஸுல்கி பெயரில் அது வருகிறது. பலர் "சியூல்ஜி" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த ஒலி வேறு எதுவும் இல்லை, உதட்டைக் குவிக்காமல் சொல்லும் உகரம். "காசு", "பாட்டு" என்பவற்றின் கடைசியில் நாம் சொல்கிறோமே, அந்தக் குற்றியலுகரம். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்தது இங்கே உதவுகிறது.

சில்லறை விஷயங்கள்: பி.டி.எஸ். என்பதன் விரிவு பங்தான் சொன்யொந்தான். ஷுகா என்பவரைச் சுகா என்று சொல்லாதீர்கள். கூடைப்பந்தில் ஷூட்டிங் கார்டு என்ற இடத்தில் ஆடியவர், அந்த இரண்டு சொல்லின் முதல் அசைகளைச் சேர்த்து வைத்த பெயர். டுமாரோ எக்ஸ் டுகெதர் குழுவின் எக்ஸை "பை" என்று வாசிக்க வேண்டும். பிளாக்பிங்க் ரோஸே பூவும் இல்லை, ரோஸும் இல்லை. இ மேல் ஒரு கோடு இருக்கிறது, அதனால் ஸே.

எழுத்துக்கு மேல் இரண்டு புள்ளி வைத்திருந்தால் என்ன செய்வது?

முதலில் அது உண்மையான புள்ளியா, பொட்டு வைத்த அழகா என்று பார்க்க வேண்டும். மோட்டார்ஹெட், மாட்லி க்ரூ, ப்ளூ ஆய்ஸ்டர் கல்ட் போன்ற ராக் குழுக்கள் முரட்டுத் தோற்றத்துக்காகப் புள்ளி வைத்துக்கொண்டன. அவற்றுக்கு ஒலி கிடையாது, கண்டுகொள்ளாமல் போங்கள்.

ஐஸ்லாந்து, சுவீடன், ஜெர்மனி பெயர்களில் அது உண்மையான எழுத்து. ஓ மேல் இரண்டு புள்ளி இருந்தால் உதட்டை ஓ சொல்வதுபோலக் குவித்துக்கொண்டு வாய்க்குள் எ சொல்லுங்கள். ப்யெர்க் என்ற ஐஸ்லாந்துப் பாடகியின் பெயர் அப்படித்தான் வரும். அவர்கள் மொழியில் பூர்ஜ மரத்துக்கு அந்தப் பெயர். நான் ஒரு கல்லூரி மேடையில் "பிஜார்க்" என்று சொல்லி, முன்வரிசையில் இருந்த ஒரு அம்மிணி எழுந்து நின்று திருத்தியதை இன்னும் மறக்கவில்லை. யு மேல் புள்ளி என்றாலும் இதே வித்தை: உதடு உ, உள்ளே இ.

வட ஐரோப்பியப் பெயர்களில் வேறு என்ன பொறி இருக்கிறது?

சுவீடன்காரர் லுட்விக் யோரன்சொன். 2019லும் 2024லும் இசைக்காக ஆஸ்கர் வாங்கியவர். எழுத்துக்கூட்டல் ஜி என்று தொடங்குவதால் எல்லோரும் கோரன்சன் என்கிறார்கள். சுவீடிஷ் மொழியில் அந்த இடத்தில் ஜி எழுத்து ய் ஆகிவிடும்.

2020ல் ஆஸ்கர் வாங்கிய ஐஸ்லாந்துக்காரர் ஹில்துர் குத்நாதோஹ்திர் பெயரைப் பார்த்தால் தலை சுற்றும். டி எழுத்தின் தலையில் குறுக்குக்கோடு போட்டது போல ஒரு எழுத்து அதில் இருக்கிறது. "அது", "விதை" என்று சொல்லும்போது நடுவில் வருகிற மெல்லிய தகரம்தான் அது. கடைசியில் வரும் தோஹ்திர் என்றால் மகள். அங்கே பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது. இன்னார் மகன், இன்னார் மகள் என்று அப்பா பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள், அழைப்பது என்னவோ சொந்தப் பெயரால்தான். இன்ஷியல் போடுகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ப்யெர்க்கின் பின்பெயரும் "குத்முந்தர் மகள்" என்றே பொருள்படும்.

அதே நாட்டு சிகுர் ரோஸ் குழுவின் கு, "மகுடம்" என்பதில் வருகிற கு மாதிரி மெல்லியது. ஓலாவுர் ஆர்னால்ட்ஸ் பெயரில் எஃப் எழுத்தைப் பார்த்து ஓலாஃபர் ஆக்கிவிடாதீர்கள். மோனெஸ்கின் இத்தாலியக் குழுதான், 2021 யூரோவிஷன் போட்டியில் வென்றது. ஆனால் பெயர் டேனிஷ் மொழி, நிலவொளி என்று பொருள்.

பிரெஞ்சுப் பெயர்கள்? பாதி எழுத்தைச் சொல்லவே மாட்டேன் என்கிறார்களே?

அவர்கள் மூக்கால் பேசுகிறவர்கள், அதனால் மறுபடியும் நம் "சரிங்" உதவிக்கு வருகிறது. ங் சொல்லப் போய், நாக்கு மேலே ஒட்டுவதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். பியானோ மேதை ஷொபே(ங்) பெயர் அப்படித்தான். 1810ல் போலந்தில் பிறந்தவருக்கு எப்படிப் பிரெஞ்சுப் பெயர் என்றால், அவர் அப்பா பிரெஞ்சுக்காரர். ஸே(ங்)-ஸா(ங்)ஸ் பெயரில் மட்டும் கடைசி ஸ் உயிரோடு இருக்கிறது. பிரேசிலின் ஜொபிம் பெயரும் மூக்கில்தான் முடியும், போர்த்துகீசிய வழக்கம் அது: ஜொபீ(ங்).

பிரெஞ்சு இசையமைப்பாளர் தெப்யுஸி பெயரில் உதடு உ, உள்ளே இ வித்தை வரும். போன் ஈவேர் அமெரிக்கக் குழுதான், நல்ல குளிர்காலம் என்ற பிரெஞ்சு வாழ்த்திலிருந்து எடுத்த பெயர், எழுத்துக்கூட்டலை மாற்றிவிட்டார்கள். "பான் ஐவர்" என்று வாசித்தால் ஐந்து பேர் கொண்ட குழு என்று நினைத்துவிடுவார்கள். பெல்ஜியத்தின் ஸ்ட்ரொமாய், மாயெஸ்ட்ரோ என்ற சொல்லின் அசைகளை முன்பின்னாகப் புரட்டி வைத்துக்கொண்ட பெயர்.

இத்தாலியப் பெயர்கள் எளிதாமே?

நமக்கு மிக எளிது. ஆங்கிலக்காரருக்கு இரட்டித்த மெய் வராது, நமக்கு அது தினப்படி சோறு. "பதி" வேறு, "பத்தி" வேறு என்று தெரிந்த வாய்க்கு, இசையமைப்பாளர் மொர்ரிகோனெ பெயரில் இரண்டு ர் சொல்வது ஒரு வேலையா? நாலு அசையும் முழுசாக வரட்டும், "மாரிகோன்" என்று வெட்டாதீர்கள். சி எழுத்துக்குப் பின் இ அல்லது எ வந்தால் ச்ச: புச்சீனி, லுச்சியானோ பாவரொத்தி. சி, எச் சேர்ந்து வந்தால் க: பொக்கெரீனி.

கிரேக்கரான வாங்கெலிஸைச் சிலர் வேஞ்சலிஸ் என்கிறார்கள். விருந்தாளியை "வாங்க" என்று கூப்பிடுங்கள், ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறார். ஹூஸ்டன் நகரத்து க்ருங்பின் குழுவும் இந்த ங் கூட்டம்தான். தாய்லாந்து மொழியில் விமானம் என்று பொருள்.

ஐரிஷ் பெயர்கள்?

எஸ் எழுத்துக்குப் பக்கத்தில் இ, எ வந்தால் ஷ. ஷினேட் ஓ'கானர் அப்படித்தான். நையல் ஹோரன், நியால் இல்லை. மற்றதை ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எழுத்தைப் பார்த்துச் சொல்ல முயன்று நான் தோற்றிருக்கிறேன்.

குறியும் எண்ணும் கலந்த பெயர்களை எப்படி வாசிப்பது?

டாலர் குறி இருந்தால் எஸ். அதனால் கெஷா (பிற்பாடு அவரே குறியை எடுத்துவிட்டார்), ஏசாப் ராக்கி. கடைசியில் 5 போட்ட கனடாக்காரர் டெட்மவ்ஸ், செத்த எலி. யு இருக்க வேண்டிய இடத்தில் வி போட்டு எழுதினாலும் ஸ்காட்லாந்துக் குழு சர்ச்சஸ்தான். இணையத்தில் தேடினால் தேவாலயங்கள் வந்து நிற்காமல் இருக்க அந்த வி. ஐ, என், எக்ஸ், எஸ் என்று நாலெழுத்தில் எழுதும் ஆஸ்திரேலியக் குழு இன் எக்ஸஸ். எஸ், இஸட், ஏ என்று மூன்றெழுத்தில் எழுதும் பாடகி ஸிஸா. எம்.ஜி.எம்.டி. மட்டும் எழுத்தெழுத்தாக.

ரகுமானா, ரஹ்மானா?

இரண்டும் தமிழில் ஓடுகின்றன, இரண்டும் சரி. அரபியில் ஹ் வந்த உடனே ம் ஒட்டிக்கொள்ளும், நடுவில் உயிர் இல்லை. ரகுமான் என்று எழுதும்போது நாம் ஒரு உகரத்தை நுழைத்து, ஹ்வைக் க ஆக்குகிறோம். ஆனால் இரண்டு உயிருக்கு நடுவில் வருகிற நம் க ஏற்கெனவே பாதி ஹ. ஊர்ப்பக்கம் "ரகுமான்" என்று சொல்லிக் கேளுங்கள், ரஹுமான் என்றே காதில் விழும். வடநாட்டு ஆங்கில அறிவிப்பாளர்கள் சிலர் சொல்கிற "ரேமான்" என்பதைவிட எவ்வளவோ கிட்டே இருக்கிறோம்.

பஞ்சாபிப் பாடகர் தில்ஜித் தோஸாஞ்ஜ் பெயரின் முடிவு "மஞ்சள்" என்பதில் வருகிற ஞ்ச. தோஸான், தோசாங் எல்லாம் வேண்டாம். ஜலந்தர் மாவட்டத்தில் தோஸாஞ்ஜ் கலான் அவர் ஊர். கொடுமுடி சுந்தராம்பாள், பல்லடம் சஞ்சீவ ராவ் என்று ஊரை முன்னால் வைத்தோம். அவர் பின்னால் வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

வெளியூர் அறிவிப்பாளருக்கு நம் பெயர்களை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

அவர்களுக்கு நெடில் குறில்தான் பெரிய தொல்லை. "கோடுமூடி" என்பார்கள். நாலும் குறில், தப்பட்டையில் நாலு சின்ன அடி மாதிரி என்று தட்டிக் காட்டினால் பிடித்துக்கொள்வார்கள்: கொ-டு-மு-டி. சுந்தராம்பாள் 1908ல் பிறந்த ஊர் அது.

இளையராஜாவை "இல்லையராஜா" ஆக்குகிறவர்களை மன்னித்துவிடலாம், ள எல்லா மொழியிலும் கிடையாது. ழ இன்னும் சிரமம். நம் கோவைப் பையன் ஆதி இருக்கும் ஹிப்ஹாப் தமிழா பெயரில் அதற்கு இஸட், எச் போட்டு எழுதியிருப்பதால், வடக்கே "தமிஜா" என்று கேட்டிருக்கிறேன். அமெரிக்கர் ஒருவருக்கு, "நீங்கள் உங்கள் ஆர் எழுத்துக்கு நாக்கை மடக்குவீர்களே, அதை இன்னும் கொஞ்சம் பின்னால் கொண்டுபோங்கள்" என்று சொன்னேன். பத்து நிமிடத்தில் தமிழா என்றார். நம் பிள்ளைகளிலேயே பாதிப் பேர் "தமிளா" என்பதைக் கேட்டிருந்தால் அவர் சந்தோஷப்பட்டிருப்பார்.

வாத்தியம், கருவிகளின் பெயர்கள்?

ஒன்றே ஒன்று சொல்கிறேன். பழைய சின்தசைசர் ஒன்றை ராபர்ட் மோக் என்பவர் உருவாக்கினார், பெயரில் ஓ இரண்டு இருப்பதால் கீபோர்டுக்காரர்கள் எல்லாம் அதை "மூக்" என்பார்கள். "மோகன்" என்று சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்துங்கள், அதுதான். எங்கள் சவுண்ட் சர்வீஸ்காரரிடம் சொன்னேன். "எனக்கு மூக்குதானுங்ணா வசதி" என்று சொல்லிவிட்டார்.

ஒரு பெயரை எங்கே சரிபார்ப்பது?

அந்தக் கலைஞரே தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் பேட்டிதான் முதல் ஆதாரம். பேட்டி எடுப்பவர் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள், அவரும் உங்களைப்போல முந்தின நாள் யாரிடமோ கேட்டு வந்தவராக இருக்கலாம். ஃபோர்வோ என்ற தளத்தில் அந்தந்த மொழிக்காரர்கள் தங்கள் குரலில் சொல்லிப் பதிந்திருப்பார்கள், அது இரண்டாவது. விக்கிப்பீடியாவில் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வரும் ஒலிக்குறிகள் மூன்றாவது. எந்திரக் குரலை நம்ப வேண்டாம், அது எல்லா ஊர்ப் பெயரையும் ஒரே ஊர்க்காரன் மாதிரி படிக்கும்.

கலைஞர் நேரில் இருந்தால் இதெல்லாம் எதற்கு? மேடை ஏறும் முன் பக்கத்தில் போய், "உங்க பேரை எப்படிங்க சொல்லட்டும்?" என்று கேட்டுவிடுங்கள். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

மேடையில் தவறாகச் சொல்லிவிட்டால்?

ஒரு முறை சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு நகருங்கள். மன்னிப்புக் கேட்டு, விளக்கம் சொல்லி, அதைப் பற்றி நகைச்சுவை செய்து நீட்டினால் பாட்டுக்காரர் மைக் முன்னால் நின்றுகொண்டே இருப்பார்.

பெயருக்கு உரியவர் வீட்டிலேயே இரண்டு விதமாகச் சொன்னால்?

அப்படியும் நடக்கும். அரியானா கிராண்டே 2018ல் ஒரு பேட்டியில், தன் தாத்தா அதைக் "கிராண்டி" என்றுதான் சொல்வார் என்றும், அண்ணன் "கிராண்டே" என்று மாற்றிக்கொண்டார் என்றும் சொன்னார். தாத்தா வீட்டுக்குப் போனால் கிராண்டி, மேடையில் கிராண்டே. எங்கள் வீட்டிலும் அப்பாரு ஒரு மாதிரியும் சான்றிதழ் ஒரு மாதிரியும் சொல்கிற பெயர்கள் உண்டு.

உங்களுக்கே இன்னும் வராத பெயர் எது?

செக் நாட்டு இசையமைப்பாளர் ட்வோர்ஷாக். ஆர் மேல் ஒரு கொக்கி போட்ட எழுத்து. ர் என்று நாக்கை உருட்டிக்கொண்டே அதே மூச்சில் ஷ் ஊத வேண்டும், ஒன்றன்பின் ஒன்றாக இல்லை, ஒரே சமயத்தில். ழ உள்ள மொழிக்காரனுக்கு இதென்ன பெரிது என்று இறங்கினேன். ழவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வண்டியில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் சொல்லிப் பார்ப்பேன், அங்கே யாருக்கும் கேட்காது என்ற நினைப்பில். போன வாரம் அவினாசி ரோட்டு சிக்னலில் நின்று "ர்ஷ், ர்ஷ்" என்று முயன்றுகொண்டிருந்தபோது, பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து, "ஏனுங்ணா, டயர்ல காத்து எறங்குதுங்களா?" என்று கேட்டார்.